கல்லறைக் கற்கள் காத்த பெயர்கள்

திருவிவிலியத்தில் விலை பேசி வாங்கப்பட்டதாக நாம் காணும் முதல் நிலம் கல்லறைக்கான நிலமே. சாரா இறந்தபோது, கானான் நாட்டில் அந்நியராய்த் தங்கியிருந்த ஆபிரகாம், இத்தியரான எப்ரோனிடமிருந்து மக்பேலா நிலத்தையும் அதிலிருந்த குகையையும் 400 வெள்ளிக் காசுகளுக்கு வாங்கினார். தொடக்க நூலின் 23ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் விரைந்து படித்துக் கடந்துவிடுகிறோம். பொறுமையாகப் படித்தால் அது ஏறத்தாழ ஒரு கிரயப் பத்திரம் போலவே அமைந்திருப்பதைக் காணலாம். விற்பவர் யார், வாங்குபவர் யார், நிலம் எங்குள்ளது, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் யாருக்கு, சாட்சிகள் எவர் என அனைத்தும் அதில் உள்ளன. ‘விலையின்றியே எடுத்துக்கொள்ளும்’ என்ற பொருளில் எப்ரோன் சொன்னதை ஆபிரகாம் ஏற்கவில்லை. இறந்தவர் உறங்கும் மண் பிறர் தயவில் இருக்கலாகாது என்று அம்முதியவர் எண்ணினார் போலும்.

அவருடைய பேரன் யாக்கோபு, வழியில் இறந்த தம் மனைவி ராகேலின் கல்லறைமேல் ஒரு கல்தூண் நிறுத்தினார். எபிரேய மூலத்தில் அத்தூணைக் குறிக்கும் சொல் ‘மட்ஸேவா’. கல்லறைக் கல்லுக்கு யூத மக்கள் இன்றளவும் வழங்கும் பெயர் அதுவே. உலகெங்கும் சிதறிய அம்மக்கள் தங்கள் முன்னோரைத் தேடிக் கண்டுபிடிக்க இந்த மட்ஸேவாக்களும், அவற்றோடு இணைந்த அடக்கப் பதிவேடுகளும் எவ்வாறு துணைநிற்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம். தலைமுறை அட்டவணையோடு தொடங்கும் மத்தேயு நற்செய்தியைப் படிக்கும் நமக்கு இந்தத் தேடல் அந்நியமானதன்று.

யூதர் தங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பல பெயர்களால் அழைப்பர். ‘கல்லறைகளின் வீடு’ என்பது ஒன்று. ‘நித்திய வீடு’ என்பது மற்றொன்று. மூன்றாவது பெயர் வியப்பூட்டுவது: ‘பேத் ஹாயிம்’, அதாவது ‘வாழ்வோரின் வீடு’. அங்கு ஒருமுறை அடக்கம் செய்யப்பட்டவரை அகற்றுவதோ, அதே குழியை வேறொருவருக்குத் தருவதோ யூத மரபுக்கு ஏற்றதன்று. நம் நகரப் பங்குகளில் இடநெருக்கடியால் சில ஆண்டுகளுக்குப் பின் அதே குழியைத் திறக்க நேர்கிறது. ஐரோப்பியக் கத்தோலிக்கக் கல்லறைகள் பலவற்றிலும் குழியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாடகைக்கு விடும் முறை உண்டு. யூதர் இதைச் செய்யாததால்தான் பல நூற்றாண்டுக் கற்கள் ஒரே தோட்டத்தில் நிற்கின்றன. பிராக் நகரின் பழைய யூதக் கல்லறையில் இடம் தீர்ந்தபோது, இருந்த குழிகளைக் கலைக்காமல் அவற்றின் மேலேயே புதுமண் கொட்டி, அடுக்கின்மேல் அடுக்காக அடக்கம் செய்தனர். பழைய கற்களையும் மேலே உயர்த்தி நட்டனர். 1439ஆம் ஆண்டின் கல் தொடங்கி 1787 வரை அங்கு அடக்கம் நடைபெற்றது. ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி இன்றும் அச்சிறு நிலத்தில் நெருங்கி நிற்கின்றன.

அக்கற்களை எவ்வாறு படிப்பது? பெரும்பாலானவற்றின் தலைப்பில் ‘பே’, ‘நூன்’ என்னும் இரண்டு எபிரேய எழுத்துகள் இருக்கும். ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்’ என்பதன் சுருக்கம் அது. அடியில் ஐந்து எழுத்துகள் இருக்கும். இறந்தவரின் ஆன்மா வாழ்வோரின் முடிச்சில் கட்டப்பெறுவதாக என்னும் வேண்டுதலின் சுருக்கம் அது. தாவீதை நோக்கி அபிகாயில் கூறிய வாழ்த்திலிருந்து பிறந்தது. குடும்ப வரலாற்றைத் தேடுபவர்க்கு வேண்டியதெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது: பெயர், தந்தையின் பெயர், இறந்த நாள்.

ஆணாயின் இன்னார் ‘பென்’ இன்னார். பெண்ணாயின் இன்னார் ‘பாத்’ இன்னார். மகன், மகள் என்னும் இச்சிறு சொற்கள்தாம் முழுத் தேடலின் திறவுகோல். ஒரு கல்லைப் படித்தால் இரண்டு தலைமுறைகள் கிடைத்துவிடுகின்றன. தந்தையின் கல்லைக் கண்டுபிடித்தால் பாட்டனாரின் பெயர் தெரிந்துவிடும். ஆஸ்திரியப் பேரரசில் 1787இலும் பிரஷ்யாவில் 1812இலும் அரசுச் சட்டங்கள் வற்புறுத்தியபின்தான் அந்நாடுகளின் யூதர் அனைவரும் நிலையான குடும்பப் பெயர் பூண்டனர். அதற்கு முந்தைய கற்களில் குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை. தந்தை பெயரைப் பற்றிக்கொண்டுதான் மேலேற வேண்டும். குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்துவரும் தமிழராகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாம் தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். அவர்கள் அதை முழுமையாகக் கல்லில் வெட்டினார்கள். நூறாண்டுக்குப்பின் ‘சூ’ என்னும் எழுத்து சூசையா, சூசைமாணிக்கமா, சூசைநாதரா என்று நம் கொள்ளுப்பேரர் யாரைப் போய்க் கேட்பார்கள்?

பெயரிடும் வழக்கமும் ஒரு சான்றாகும். நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த அஷ்கெநாசி யூதர், உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. மறைந்தவர் பெயரையே வைப்பர். ஆகவே, பேரனுக்குப் பாட்டனாரின் பெயர் இருந்தால், பேரன் பிறக்குமுன் பாட்டனார் இறந்துவிட்டார் எனக் கொள்ளலாம். ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட செபார்தி யூதரிடம் இவ்வழக்கம் நேர்மாறானது. உயிரோடிருக்கும் தாத்தா பாட்டியின் பெயரையே அவர்கள் மகிழ்ந்து சூட்டுவர். எவ்வூர்க் கல், எம்மரபினரின் கல் என்று அறியாமல் முடிவு கட்டுபவர் ஒரு தலைமுறையையே தவறவிடக்கூடும்.

நாளைக் கணக்கிடுவது சற்றுக் கடினம். எபிரேய எழுத்துகளே எண்களாகவும் பயன்படுவதால் ஆண்டு எழுத்துகளில் இருக்கும். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அவர்கள் எண்ணும் ஆண்டில் ஆயிரங்களை விட்டுவிட்டு, எஞ்சியதை மட்டும் வெட்டுவது வழக்கம். அந்த எண்ணோடு 1240ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். பிராக் நகரின் புகழ்மிகு ரபி மஹரால் இறந்தது 369ஆம் ஆண்டு ஏலூல் மாதம் 18ஆம் நாள். 1240ஐக் கூட்ட, 1609 ஆகிறது. ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறக்கிறது. எனவே ஆண்டின் தொடக்க மாதங்களில் இறந்தவர்க்கு ஓர் ஆண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மேலும், தொடக்க நூலின் படைப்பு வரலாற்றில் மாலையும் காலையும் சேர்ந்து ஒரு நாளாவது போல, அவர்களுக்கு மாலையில்தான் நாள் தொடங்குகிறது. அந்தி மயங்கியபின் இறந்தவரின் கல்லில் மறுநாளே எழுதப்பட்டிருக்கும். நகராட்சிப் பதிவும் கல்லும் ஒரு நாள் முரண்பட்டால் யாரையும் பொய்யர் என்று எண்ண வேண்டியதில்லை.

பிறந்த நாளைப் பழைய கற்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இறந்த நாளை மட்டும் பிழையின்றிச் சொல்கின்றன. காரணம் வழிபாடு சார்ந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மகன் விளக்கேற்றி, ‘காடிஷ்’ என்னும் இறைபுகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மன்றாட்டுக்காகக் காக்கப்பட்ட நாள்தான் இன்று வரலாற்றுக்குக் கிடைத்திருக்கிறது. நம் ஊர்களில் இறந்தோர் நினைவுத் திருப்பலிக்கு நாள் சொல்ல வரும் மூதாட்டிகள் பிறந்த ஆண்டை அறியாதிருந்தாலும், கணவர் இறந்த நாளையும் கிழமையையும் தயங்காமல் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

எழுத்தறியாதவர்க்கும் கற்கள் பேசும். ஆசி வழங்கும் பாணியில் விரிந்த இரண்டு கைகள் இருந்தால் அவர் ஆரோன் வழிவந்த குரு மரபினர். நீர்க்குடம் இருந்தால் லேவியர். சிங்கம் யூதா அல்லது லேப் என்னும் பெயரையும், மான் சுவி அல்லது ஹிர்ஷ் என்னும் பெயரையும் சுட்டும். முறிந்த மெழுகுதிரியோ வெட்டுண்ட மரமோ இளமையில் மறைந்தவரைக் குறிக்கும். பெண்களின் கற்களில் பெரும்பாலும் ஓய்வுநாள் விளக்குத்தண்டு காணப்படும். இறந்தோரால் குருக்கள் தீட்டுப்படலாகாது என்னும் லேவியர் நூலின் 21ஆம் அதிகாரச் சட்டத்தால், குரு மரபினரின் கல்லறைகள் பல இடங்களில் தோட்டத்தின் ஓரத்தில், பாதையை ஒட்டி அமைந்திருக்கும். உள்ளே நுழையாமலே அவர்களின் உறவினர் அருகில் வந்து நிற்கலாம் அல்லவா? கல் அழிந்துபோனாலும் அது இருந்த இடம் ஒரு செய்தியைச் சொல்கிறது.

ஜெர்மனியின் வோம்ஸ் நகரில் ‘புனித மணல்’ எனப்படும் கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்குள்ள மிகப் பழைய கற்கள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2021இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கே அருகருகே நிற்கும் இரண்டு கற்கள் உள்ளன. ஒன்று, ரோத்தன்புர்க் நகர ரபி மெயிருடையது. அரசர் முதலாம் ருடோல்ப் 1286இல் அவரைச் சிறைப்படுத்தினார். தமக்காகப் பணம் கொடுத்து மீட்டால், பிற ரபிகளையும் பிடித்துப் பணம் பறிப்பார்களே என அஞ்சி மீட்பை மறுத்துவிட்டார் என்பது மரபு. 1293இல் சிறையிலேயே இறந்தார். உடலையும் விடவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1307இல், அலெக்சாந்தர் பென் சாலமோன் என்னும் வணிகர் தம் செல்வத்தைக் கொடுத்து அவ்வுடலை மீட்டு அடக்கம் செய்தார். கைம்மாறாக அவர் கேட்டது, தம்மை ரபியின் அருகில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது மட்டுமே. அதே ஆண்டில் அவரும் இறந்தார். நம் அரிமத்தியா ஊர் யோசேப்பை நினைவூட்டும் இவ்வணிகரின் பெயரும், அவர் தந்தையின் பெயரும் 700 ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குத் தெரிவது அந்தக் கல்லால்தான்.

கல்லுக்குத் துணை ஏடு. ஒவ்வொரு யூதச் சமூகத்திலும் ‘ஹெவ்ரா காடிஷா’ எனப்படும் புனிதத் தோழமைக் குழு உண்டு. உடலைக் கழுவி, வெண்துணி சுற்றி, அடக்கம் செய்வது அவர்களின் தொண்டு. இறந்தவர் நன்றி சொல்லவோ கைம்மாறு செய்யவோ முடியாதென்பதால், இதனை உண்மையான இரக்கம் என்று யூத மரபு போற்றுகிறது. பிராக் நகரில் இக்குழு 1564இல் நிறுவப்பட்டது. இத்தகைய குழுக்கள் வைத்திருந்த ஏடுகளில் இறந்தவரின் பெயர், நாள், குழியின் வரிசை எண், சில வேளைகளில் அடக்கச் செலவும் காணப்படும். கல் தேய்ந்தாலும் ஏட்டிலுள்ள வரிசை எண்ணைக் கொண்டு குழியை அடையலாம். ஏடு எரிந்தாலும் கல்லைப் படித்து ஏட்டை மீண்டும் எழுதலாம். அமெரிக்காவில் குடியேறியவர்களும் ஊர்வாரியாகச் சங்கம் அமைத்து, நியூயார்க் நகரக் கல்லறைகளில் சேர்ந்து இடம் வாங்கினர். ஒருவர் எந்தச் சங்கத்தின் பகுதியில் அடக்கமாயிருக்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இங்கு, நம்மவர் பலரும் அறியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நெப்போலியன் காலத்தில் உருவான வார்சா சிற்றரசில் 1808இல் குடிமைப் பதிவு முறை வந்தது. பதிவு அலுவலர் பணி பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குத்தந்தையர்மேல் விழுந்தது. 1825 வரை அப்பகுதி யூதரின் பிறப்பும் இறப்பும்கூட அவர்களது கையாலேயே எழுதப்பட்டன. யூதரைக் குறிக்க, ‘பழைய சட்டத்தார்’ என்று பொருள்படும் போலந்துச் சொல்லை அவர்கள் எழுதினர். இரண்டு சாட்சிகள் வந்து இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்னார் இறந்தார் எனத் தெரிவித்ததாக அப்பதிவுகள் வாக்கியங்களாகவே அமைந்திருக்கும். 1826 முதல்தான் யூதருக்குத் தனி ஏடுகள் வந்தன. எனவே, போலந்தில் தம் கொள்ளுத்தாத்தாவைத் தேடும் யூதர், அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு ஒரு கத்தோலிக்கக் குருவின் கையெழுத்தைத்தான் படித்தாக வேண்டும்.

நல்லதாயிற்றே என்று நாம் மகிழ்ந்து முடிக்க வரலாறு இடம் தரவில்லை. 1933இல் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த நாஜிகள், அரசுப் பணியாளர் ஆரிய வழியினர் என்பதற்குச் சான்று கேட்டனர். சான்று எங்கே கிடைக்கும்? ஆலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளில். இலட்சக்கணக்கான சான்றுகள் பங்கு அலுவலகங்களிலிருந்து எழுதித் தரப்பட்டன. 1935ஆம் ஆண்டின் நியூரம்பர்க் சட்டங்கள், மூன்று அல்லது நான்கு தாத்தா பாட்டியர் யூதச் சமயத்தினராய் இருந்தால் பேரன் யூதனே என்றன. அவன் திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தலைமுறைகளைத் தேடும் கலை உயிருக்கு உலை வைக்கும் கலையாயிற்று. அன்று அந்த ஏடுகளைப் புரட்டி நகல் எழுதிய குருக்களுள் சிலர் உண்மை அறிந்து மனம் நொந்திருப்பர். சிலர் துணிந்து உதவியும் இருப்பர். பலர் வழக்கமான அலுவலாகவே அதைச் செய்திருப்பர். நாமும் அதே வகை ஏடுகளை வைத்திருப்பவர்கள் என்பதால், இதனை வெறும் ஜெர்மானியர் கதையாகப் படிக்க நமக்கு மனம் வரவில்லை.

உயிரோடிருந்தவர்களின் பெயரை ஏடுகளில் தேடியவர்கள், இறந்தவர்களின் பெயரைக் கற்களிலிருந்து அழித்தார்கள். போலந்தின் கிராக்கோ அருகே பிளாஷோவ் வதைமுகாம் இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேலேயே கட்டப்பட்டது. முகாமின் பாதைகளில் கல்லறைக் கற்கள் பாவப்பட்டன. காசிமியெஷ் டோல்னி என்னும் சிற்றூரில், ஜெர்மானியக் காவல்துறை கைப்பற்றியிருந்த பிரான்சிஸ்கன் துறவு மடத்தின் முற்றத்திலேயே அக்கற்களைப் பரப்பினர். அவற்றில் எஞ்சியவற்றைத் திரட்டி 1984இல் ஒரு நினைவுச் சுவர் எழுப்பினர். அச்சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். திருத்தூதர் பவுல் தொழுகைக்கூடத்தில் விவாதித்த தெசலோனிக்காவில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்ததாகக் கணக்கிடும் பெருந்தோட்டம் 1942 டிசம்பரில் தகர்க்கப்பட்டது. கற்கள் கட்டடப் பொருளாயின. அந்நிலத்தில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது. 2014இல்தான் அங்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது.

இவை அனைத்தையும் ஒரே குடும்பத்தில் காணலாம். பிரெஸ்லாவ் நகர மரவணிகக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் எடித் ஸ்டைன். நாள் 1891 அக்டோபர் 12. யூத நாள்காட்டியில் அது 5652ஆம் ஆண்டு திஷ்ரி மாதம் 10ஆம் நாள். பாவக் கழுவாய்ப் பெருநாள். மேலே சொன்ன கணக்கை இங்கே செய்து பார்க்கலாம்: 652உடன் 1240ஐக் கூட்டினால் 1892, திஷ்ரி ஆண்டின் முதல் மாதம் என்பதால் ஒன்றைக் குறைக்க 1891. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் தந்தை சீக்பிரீட் பயணத்தின்போது வெயிலில் விழுந்து இறந்தார். தாய் அவுகுஸ்தா மரக்கடையைத் தாமே நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். எடித் மெய்யியல் கற்றார். 1922 சனவரி 1ஆம் நாள் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். 1933 அக்டோபரில் கொலோன் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

மடம் புகுமுன் அவர் செய்த ஒரு செயல் நம் பொருளோடு தொடர்புடையது. அவ்வாண்டு பிரெஸ்லாவில் தாயோடு தங்கியிருந்தபோது, தாய் சொல்லக் கேட்ட நினைவுகளைக் கொண்டு தம் குடும்பத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். யூதரைப் பற்றி நாஜிகள் பரப்பிய கோரச் சித்திரத்துக்கு எதிராக, யூதக் குடும்பம் உண்மையில் எப்படி வாழ்ந்தது என்று காட்டுவதே தம் நோக்கம் என முன்னுரையில் தெரிவித்தார். கொள்ளுத்தாத்தா, பாட்டி, மாமன்மார், அவர்களின் கடைகள், உணவுமேசை, சண்டைகள் எல்லாம் அதில் வருகின்றன. தாத்தா பாட்டியரை எண்ணிக் குற்றம் சாட்டும் அரசின் ஏட்டுக்கு எதிராக, அதே தாத்தா பாட்டியரை அன்புடன் பெயர்சொல்லி எழுதிய ஏடு அது. நூல் முற்றுப்பெறவில்லை.

தாய் அவுகுஸ்தா 1936 செப்டம்பர் 14இல் இறந்தார். திருச்சிலுவையின் மகிமை விழா நாள் அது; எடித் மடத்தில் தம் வாக்குறுதிகளைப் புதுப்பித்த நாள். அடைப்பு மடத்திலிருந்து அடக்கத்துக்குச் செல்ல இயலவில்லை. 1942 சூலை 26இல் நெதர்லாந்து ஆயர்கள் யூதர் நாடுகடத்தலைக் கண்டித்து ஆலயங்களில் சுற்றுமடல் வாசிக்கச் செய்தனர். பழிவாங்கலாக, யூத வழிவந்த கத்தோலிக்கர் ஆகஸ்ட் 2இல் கைதாயினர். எக்த் மடத்திலிருந்து எடித்தையும் அவர் சகோதரி ரோசாவையும் கொண்டுசென்றனர். ஆகஸ்ட் 9இல் அவுஷ்விட்சில் இருவரும் கொல்லப்பட்டனர். உடன்பிறந்தாருள் பவுலும் பிரீடாவும் நாஜிகளுக்கே பலியாயினர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998இல் எடித்தைப் புனிதராக அறிவித்தார். இப்புனிதருக்குக் கல்லறை இல்லை.

அவர் பெற்றோருக்கு உண்டு. பிரெஸ்லாவ் இன்று போலந்தின் விரோத்ஸ்வாவ் நகரம். அங்குள்ள பழைய யூதக் கல்லறை 1856இல் திறக்கப்பட்டு 1942 வரை பயன்பட்டது. 1945 முற்றுகையின்போது அதுவே போர்க்களமாகி, கற்கள் பல குண்டடி பட்டன. ஆயினும் தோட்டம் எஞ்சியது. இப்போது அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. யூதர் வரலாற்றை எழுதிய ஹைன்ரிஹ் கிரெட்ஸ் அங்கேதான் துயில்கிறார். சீக்பிரீட், அவுகுஸ்தா ஸ்டைன் இருவரும் அங்கேதான். புனிதரின் அடிச்சுவட்டைத் தேடி வருபவர் தொடக்கூடிய கல் அவருடைய பெற்றோரின் கல்லே.

கல்லறை பெறாதவர்களுக்காக எருசலேமில் யாத் வஷேம் நிலையம் 1953இல் நிறுவப்பட்டது. எசாயா நூலின் 56ஆம் அதிகாரத்தில், மகன் மகள் இல்லாதவர்க்கும் தம் இல்லத்தில் நினைவும் பெயரும் தருவதாக ஆண்டவர் வாக்களிக்கிறார். அந்நிலையத்தின் பெயர் அந்த இரண்டு சொற்களே. உறவினரோ அண்டை வீட்டாரோ ஒரு தாளில் இறந்தவரின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தருகின்றனர். கொல்லப்பட்ட 60 இலட்சம் பேரில் 48 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இதுவரை திரட்டப்பட்டுள்ளன. கற்களுக்கும் இதுபோன்ற பணி நடைபெறுகிறது. தன்னார்வலர் முட்புதர்களை வெட்டி, பாசியைத் துடைத்து, கற்களைப் படமெடுத்து, எபிரேய எழுத்துகளைப் பெயர்த்து எழுதி, எவரும் தேடிப் பார்க்கக்கூடிய கணினிப் பட்டியலாக்குகின்றனர். கிழக்கு ஐரோப்பாவின் பல ஊர்களில் ஒரு யூதரும் எஞ்சாத நிலையில், இவ்வேலையைச் செய்வோரில் அவ்வூர்க் கிறிஸ்தவ இளைஞரும் உள்ளனர்.

நமக்கு அருகிலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. கேரளத்தில் கொச்சிக்கு வடக்கே சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. அதில் உள்ள பெயர் சாரா. இஸ்ரயேல் என்பாரின் மகள். அவர் யார், எத்தனை வயதில் இறந்தார், கணவர் யார் என்பதையெல்லாம் கல் சொல்லவில்லை. அவர் வழிவந்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என்பதும் தெரியாது. கொச்சி யூதர்களுள் மிகப்பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேல் நாட்டுக்குச் சென்றுவிட்டனர்.

நம் திருச்சபையும் ஏடுகளைக் காக்கச் சொல்கிறது. திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றுக்கான ஏடுகளைத் திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டாயமாக்கியது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் சேர்த்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண்ணும் 1182ஆம் எண்ணும் அதையே கூறுகின்றன. ஆயினும் மறைமாவட்டப் பங்குகளில் நாம் கண்டவரை, திருமுழுக்கு ஏட்டுக்கு உள்ள மதிப்பு இறந்தோர் ஏட்டுக்கு இல்லை. திருமணத்துக்குத் திருமுழுக்குச் சான்று வேண்டும். இறந்தோர் சான்றை யாரும் கேட்பதில்லை. ஆகவே கரையான் முதலில் அரிப்பது அந்த ஏட்டைத்தான். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பங்கு அலுவலகங்களைத் தேடி வருகின்றனர். கையில் ஓர் ஊர்ப்பெயரும், ஓர் எழுத்தோடு ஒரு பெயரும் மட்டுமே அவர்களிடம் இருக்கும். வரும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறை மந்திரிப்புக்குச் செல்லும்போது, சுண்ணாம்பு பூசுமுன் கல்லில் உள்ள எழுத்தை ஒரு நோட்டில் எழுதிவைக்கும்படி நம் பங்கு இளைஞரிடம் கேட்டிருக்கிறோம். தந்தையின் பெயரை முழுவதுமாக எழுதும்படியும் சொல்லியிருக்கிறோம்.